அதே பெயரில் ஒரு கோப்பு

நான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முதல் பாடமே கோப்பை நகலெடுப்பதுதான். காப்பி என்றால் இங்கேயும் இருக்கும், அங்கேயும் இருக்கும். கட் என்றால் இங்கே போய்விடும், அங்கே மட்டும் இருக்கும். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும். அதைப் படிக்காமல் பொத்தானை அமுக்குகிறவன் கழுதை. பதினான்கு வருஷமாக இதைச் சொல்லி வருகிறேன். போன மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அந்தக் கேள்வியைப் படிக்காமல் 'ஆம்' என்று அமுக்கி என் கணவரை அழித்தேன். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

என் கணவரை வீட்டில் அப்பு என்று கூப்பிடுவோம். வயது நாற்பத்திரண்டு. காரைக்குடியில் ஃபிளெக்ஸும் கல்யாணப் பத்திரிகையும் வடிவமைக்கிற கடை வைத்திருக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன்னால் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தங்கியது, ஞாபகம் தங்கவில்லை. காலையில் பார்த்த முகம் மதியம் தெரியாது. அந்த மாதிரி ஆட்களுக்குத்தான் வில்லை போடுகிறார்கள். காதுக்குப் பின்னால் எலும்பில் பொருத்துகிற, சட்டைப் பொத்தான் அளவுச் சாமான். அந்த மனுஷனுடைய ஞாபகம் முழுக்க அதற்குள் ஒரு கோப்பாக இருக்கும். மூளை அதைப் படித்தபடியே ஓடும். வில்லை போட்டவர்கள் வண்டி ஓட்டுகிறார்கள், கடை நடத்துகிறார்கள், பெண்டாட்டியோடு சண்டை போடுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பழைய வில்லையைக் கழற்றிவிட்டுப் புதுசு போட வேண்டும், அவ்வளவுதான் தொல்லை.

முன்பெல்லாம் அந்தக் கோப்புகளை ஆஸ்பத்திரிகள் வைத்திருந்தன. ஒரு தடவை லட்சம் பேருடைய ஞாபகம் வெளியே கசிந்து விலைக்குப் போன பிறகு சட்டம் வந்தது. ஞாபகம் வீட்டுச் சொத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் வைக்க வேண்டும். ஒருவருக்கு ஒரே கோப்பு. நகல் எடுத்தால் சிறை. செத்தவர் கோப்பை முப்பது நாளில் அழித்துவிட வேண்டும். வில்லைக்குள் யார் இருக்கிறாரோ அவர் கையெழுத்து இல்லாமல் அதை யாரும் கழற்றக் கூடாது. புதுசாகப் போட்ட வில்லை மூன்று நாளில் மூளையோடு ஊறிவிடும். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அதைத் தொட முடியாது. நல்ல சட்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல அப்புவை நாற்காலியில் உட்கார வைத்து வில்லையைக் கழற்றினேன். கழற்றிய இரண்டு மணி நேரமும் அவர் தூங்கி எழுந்த பிள்ளைபோல ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். வில்லையில் இருந்த அவருடைய கோப்பை எங்கள் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன்; ஒருவருக்கு ஒரே கோப்பு என்பதால் பழைய வில்லை அப்போதே காலியாகிவிட்டது. புது வில்லை சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா? பழைய கம்ப்யூட்டரில் கிடந்த அடைசல்களையும் புதுசுக்கு மாற்றிவிடலாம் என்று தோன்றியது. 'முக்கியம்' என்று அப்பு பெயர் வைத்திருந்த ஒரு ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் மொத்தமாக கட் செய்து, புதுக் கம்ப்யூட்டரில் அதே 'முக்கியம்' ஃபோல்டருக்குள் போட்டேன். அங்கேதான் அரை மணிக்கு முன்னால் அப்புவின் கோப்பையும் வைத்திருந்தேன். அதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது, பழையதை எடுத்துவிட்டு இதை வைக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஏதோ போட்டோவாக இருக்கும் என்று அமுக்கினேன். பிறகு கோப்பைப் புது வில்லைக்கு ஏற்றி, அப்பு காதுக்குப் பின்னால் பொருத்தினேன்.

கண் விழித்ததும் அவர் முதலில் தன் கையைப் பார்த்தார். புறங்கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்து, "ரெண்டு பேரு இருக்கற ரூமுக்கு அஞ்சுல எதுக்கு ஓடுது?" என்றார்.

அப்பு அப்படிப் பேசுகிறவர் இல்லை. அப்படிப் பேசுகிற ஒரே ஒருவர் செத்து எட்டு வருஷம் ஆகிவிட்டது.

"லெட்சுமணன் எங்க, ஆத்தா?" என்று கேட்டார்.

லெட்சுமணன் என் மாமனார். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஆள் அவருடைய அப்பா மட்டும்தான்.

எங்கள் ஆட்களில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். தாத்தா சாத்தப்பன், மகன் லெட்சுமணன், பேரன் மறுபடி சாத்தப்பன். தாத்தாவுடைய அப்பாவும் லெட்சுமணன்தான் என்பதால் இனிஷியலும் ஒன்றே. பெரியவர் பெயரைச் சொல்லிப் பிள்ளையைத் திட்ட முடியாதே என்று வீட்டுப் பெண்கள் பேரனை அப்பு ஆக்கினார்கள். வில்லைக்கு அந்த நாசூக்கு எல்லாம் தெரியாது. அடையாள அட்டையில் இருக்கிற பெயரையே கோப்புக்கு வைத்துவிடும். ஐயா என்று நாங்கள் கூப்பிடுகிற தாத்தாவும் கடைசி மூன்று வருஷம் மறதி நோய்க்காக வில்லை போட்டிருந்தார். அவர் மாரடைப்பில் போனபோது அவருடைய கோப்பை அழித்தாயிற்று என்றுதான் அப்பு எல்லாரிடமும் சொன்னார். அழிக்கவில்லை. 'முக்கியம்' ஃபோல்டரில் லெ. சாத்தப்பன் எட்டு வருஷமாக இருந்திருக்கிறார். அவரை எடுத்து லெ. சாத்தப்பன் மேல் போட்டது நான்.

காப்பி போட்டு வருவதாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அபுதாகிருக்குப் போன் போட்டேன். பெரியார் சிலைப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவர். அழிந்துபோன கல்யாணப் போட்டோக்களை மீட்டுக் கொடுப்பதில் கெட்டிக்காரர். அவருடைய தாயாரும் வில்லை போட்டவர் என்பதால் போலீசுக்குப் போக மாட்டார் என்ற நம்பிக்கை இருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"ஆச்சி, முதல்ல கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்குங்க" என்றார். "மேல வேற ஒண்ணைப் போட்டா அடியில இருந்தது உடனே அழிஞ்சிடாது. அதோட பேரை மட்டும் எடுத்திருக்கும். ஆளு உள்ளேயேதான் கெடப்பாரு. ஆனா அந்த எடம் காலின்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்கும். இனிமே அதுல எது எழுதினாலும் அவரு மேல போய் உக்காரும். ஒரு போட்டோ கூட வேணாம். ஆன் பண்ணவே வேணாம்."

அவர் சென்னையில் அக்கா மகள் நிக்காஹில் இருந்தார். திங்கட்கிழமை காலையில் வந்துவிடுவதாகச் சொன்னார். செவ்வாய் பதினொரு மணிவரை நேரம் இருக்கிறது என்று நான் கணக்குப் போட்டேன். அவர் இன்னொன்றையும் சொன்னார். வில்லையைக் கழற்ற உள்ளே இருப்பவர் சம்மதிக்க வேண்டும். வலுக்கட்டாயமாகக் கழற்றினால் மூளையே கருகிப்போகும், சட்டம் அப்புறம்தான்.

அதாவது, அப்பு திரும்பி வருவது ஐயா கையில் இருந்தது.

ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம்தான் அவர் உயிரோடு இருந்தார். அந்த வருஷத்தில் என்னோடு பத்துத் தடவை பேசியிருந்தால் அதிகம்; அதில் ஒன்பது, சுவிட்சை அணைத்தாயா என்பது. அவர் செருப்புச் சத்தம் கேட்டால் வீடே வாயை மூடிக்கொள்ளும். பேரனைப் பதினோரு வயதில் ஏற்காட்டு விடுதிக்கு அனுப்பினார். மின்சாரம் படிக்க மாட்டேன், ஓவியம் படிப்பேன் என்று அவன் சொன்னதற்காக ஆறு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பு மட்டும் அவரை விட்டுக்கொடுக்க மாட்டார். "உனக்குத் தெரியாது உமா, சின்ன வயசுல என்னைக் கீழ விட்டதே இல்லை" என்பார். மாமனாரும் மாமியாரும் சிங்கப்பூரில் இருந்த காலத்தில் அப்புவை வளர்த்தது ஐயாதான். நான் அந்தக் காலத்தைப் பார்க்கவில்லை. பார்த்தது செருப்புச் சத்தத்தை மட்டும்தான்.

காப்பியைக் கொடுத்துவிட்டு அவரிடம் உண்மையைச் சொன்னேன். முழுசாக இல்லை. அவர் செத்துப்போனதையும், அப்புவுக்கு நோய் வந்ததையும், கோப்பு மாறிப்போனதையும் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று வெகு நேரம் பேரன் முகத்தைப் பார்த்தார். அழவும் இல்லை, கத்தவும் இல்லை.

"அப்ப அப்பு எங்க?" என்றார்.

அங்கேதான் பொய் சொன்னேன். அப்பு இந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் பெயரில்லாமல் கிடக்கிறார், ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் ஒரேயடியாகப் போய்விடுவார், பிறகு உங்களை யாரும் அசைக்க முடியாது என்று ஒரு மனுஷனிடம் எப்படிச் சொல்வது? அப்பு கோப்பு கடைக்காரரிடம் பத்திரமாக இருக்கிறது, திங்கட்கிழமை கொண்டுவருவார் என்றேன். கம்ப்யூட்டர் எதற்குப் பிளக் பிடுங்கிக் கிடக்கிறது என்று கேட்டார். பழுது என்றேன். லெட்சுமணன் சிங்கப்பூரில் சுகமாக இருக்கிறார் என்றேன். மாமனார் போய் மூன்று வருஷம். மாலை போட்ட படத்தை அலமாரிக்குள் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துதான் அதைச் சொன்னேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே.

"திங்கக்கிழமை அவனை வச்சா நான் எங்க போவேன்?" என்று கேட்டார்.

நான் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை.

அன்று மத்தியானத்திலிருந்து என் பயம் வேறு மாதிரி ஆனது. எண்பத்தொரு வயதில் செத்த மனுஷன் நாற்பத்திரண்டு வயசு உடம்பில் நடக்க ஆரம்பித்தார். மாடிக்குப் படி ஏறி இறங்கினார். மறுபடி ஏறினார். தண்ணீர்த் தொட்டியின் வால்வு ஒழுகுவதைப் பார்த்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைச் சரி செய்தார். கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்தார். டப்பாவில் இருந்த சீடையை எடுத்து ஒவ்வொன்றாகக் கடித்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதுவும் என் கணவர் வாயால். இவ்வளவையும் ருசி பார்த்தவர் திங்கட்கிழமை கழற்றிக்கொள் என்று காதைக் காட்டுவாரா? நானாக இருந்தால் காட்டமாட்டேன்.

சாப்பிடும்போது வில்லையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். மூன்று நாள் கணக்கு எதற்கு, கையெழுத்து யார் போட வேண்டும், போடாவிட்டால் என்ன ஆகும். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். ஒன்றை எடுத்தால்தான் இன்னொன்றை வைக்க முடியும், ஒரே பெயரில் இரண்டு ஒரே இடத்தில் இருக்க முடியாது என்றேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி தலையை ஆட்டினார். படுக்கும் நேரத்தில் தானாகவே பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், "நீ உள்ள தாப்பாப் போட்டுக்க ஆத்தா" என்றார். போட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டர் இருக்கிற அறையையும் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து எதையோ யோசித்தபடி இருந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. ராத்திரி முழுக்க முழித்த அசதியில் மதியம் சாப்பிட்டதும் சோபாவிலேயே கண் அசந்துவிட்டேன். எழுந்தபோது மணி நாலு. சாவி என் இடுப்பில்தான் இருந்தது. ஆனால் அறைக் கதவு திறந்திருந்தது. பூட்டு தன் நான்கு திருகாணிகளோடு கதவுக்குப் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. மின்வாரியக்காரருக்குத் திருகாணி ஒரு பொருட்டா?

உள்ளே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதற்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து ஒற்றை விரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"என்ன பண்ணுனீங்க?"

"பழுதுன்னியே, பாத்தா பிளக் மட்டுந்தான் வெளிய கெடந்துச்சு" என்றார். "அப்புவுக்கு ரெண்டு வரி எழுதுனேன். கையால எழுதுனா அவன் கையெழுத்தால்ல வருது. எழுதி முடிச்சு சேமிச்சும் வச்சுட்டேன். ஏன், என்னாச்சு?"

இனி மறைத்து என்ன பயன்? அப்பு கடைக்காரரிடம் இல்லை, இதற்குள்தான் கிடந்தார், இதில் எழுதுகிற ஒவ்வொரு எழுத்தும் அவர் மேல் விழும் என்று சொன்னேன். சொல்லும்போதே நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் வடிந்துபோனது. அவர் பதறி எழுந்து பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய கையோடு அப்படியே நின்றார்.

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார்.

நான் பிளக்கை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

"நான் அவனை அழிச்சிடுவேன்னு நெனச்சியாக்கும்."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போய், விளக்குப் போடாமல் உட்கார்ந்துகொண்டார். இரவு சாப்பிடவும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அபுதாகிர் பயணக் களைப்போடு வந்து சேர்ந்தார். ஐயா குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். ஒப்புதல் தாளை வாங்கி வாசித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அபுதாகிர் இரண்டு மணி நேரம் டிஸ்க்கைத் தன் பெட்டியில் மாட்டித் துழாவி, ஆள் கிடைத்துவிட்டார் என்றார். எனக்கு அப்போது வந்த அழுகையை அடக்க முடியவில்லை. கொஞ்சம் சேதம் இருக்கும்போல, முழுசாகப் பார்க்க நேரம் ஆகும், முதலில் ஏற்றிவிடலாம் என்றார். ஐயாவுடைய கோப்பைக் கழற்றி எங்கே வைப்பது என்று தயங்கியபடி கேட்டார்.

"எங்கயும் வைக்க வேணாம்" என்றார் ஐயா. பிறகு என்னைப் பார்த்தார். "எனக்குப் போக இஷ்டம்னு நெனைக்காத ஆத்தா. பயமாத்தான் இருக்கு. ஆனா இது என் கை இல்லியே."

வலிக்குமா என்று கேட்டார். வலிக்காது என்றேன். எனக்கு அது எப்படித் தெரியும்? அவரிடம் நான் சொன்ன கடைசிச் சொல்லும் பொய்யாகத்தான் ஆனது. அவர் கண்ணை மூடிக்கொள்ள, நான் கழற்றினேன். அழிக்கவா, நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. இந்தத் தடவை கேள்வியை நாலு தடவை படித்துவிட்டுத்தான் அமுக்கினேன்.

பதினோரு மணிக்கு அப்பு விழித்தார். என்னைப் பார்த்து, "ஏன் மூஞ்சி இப்படி வீங்கிக் கெடக்கு?" என்றார். அவருடைய குரல், அவருடைய பார்வை. கல்யாணத்தன்று மழை பெய்தது ஞாபகம் இருந்தது. கடையில் பாதியில் விட்ட காதணி விழாப் பத்திரிகை ஞாபகம் இருந்தது. பீரோ சாவி எங்கே என்றேன், சொன்னார். நடந்த குளறுபடியைச் சொன்னேன். சேதத்தைச் சொல்லவில்லை. காதைத் தடவியபடி, ஐயா தன்னைத் திட்டினாரா என்று மட்டும் கேட்டார்.

அபுதாகிர் என்னை வாசலுக்கு அழைத்தார். "கடிதம் சின்னதுதான் ஆச்சி. ஆனா உக்காந்த எடம் தலைப்பக்கம். முதல் பாகம் எங்கெங்க இருக்குன்னு வழி சொல்ற பக்கமே போயிடுச்சு. பதினோரு வயசு வரைக்கும் ஒண்ணும் இல்ல. விடுதியிலேர்ந்துதான் ஆரம்பிக்குது." இதை அப்புவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். எது இல்லை என்று அவருக்கே தெரியாது, சின்ன வயசு யாருக்கு முழுசாக ஞாபகம் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொள்வார், சொல்லிவிட்டால் நிம்மதி போய்விடும். நானும் சரி என்றேன்.

மூன்று வாரம் போனது. நான் பயந்து பயந்துதான் அவரோடு பேசினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். கடிதத்தைத் திறந்து வைத்திருந்தார். அதைத் திறக்க எனக்கு அதுவரை தைரியம் வரவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் நின்று முதல் தடவையாகப் படித்தேன்.

'அப்பு, உன் உடம்பை இரண்டு நாள் இரவல் வாங்கியிருந்தேன். இடது முட்டியில் வலி இருக்கிறது, டாக்டரிடம் காட்டு. நாலு வயதில் உனக்குக் காய்ச்சல் வந்தால் எங்கும் தூங்க மாட்டாய். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு துணைமின் நிலையத்துக்குப் போவேன். டிரான்ஸ்பார்மர் உறுமுவதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாய். இறக்கினால் எழுந்துவிடுவாய் என்று விடியும்வரை அப்படியே நிற்பேன். உன்னை விடுதிக்கு அனுப்பியது என் தப்பு. அன்று பஸ் கிளம்பிய பிறகு நான் வீட்டுக்கு வர நாலு மணி நேரம் ஆனது. இதை உன்னிடம் சொல்லாமலே செத்துப்போனேன். உமையாள் நல்ல பிள்ளை. என்னைக் கண்டு ரொம்பப் பயப்படுகிறாள். உங்கப்பச்சி லெட்சுமணன் சிங்கப்பூரில் இருப்பதாகச் சொல்கிறாள். உன் கண் நன்றாகத் தெரிகிறது, அலமாரியில் படத்தைப் பார்த்துவிட்டேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.'

எனக்குக் கண்ணில் எழுத்து மறைந்தது. அப்பு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம்" என்றார். "எட்டு வருஷம் கெடந்ததுல அவரு கோப்பு கெட்டுப் போயிருக்கு உமா. இந்த மாதிரி எதுவும் நடக்கவே இல்ல. அவரு என்னைத் தூக்குனதா எனக்கு ஞாபகமே இல்ல. அவரைக் கண்டா எனக்குப் பயம். அந்தக் கோப்பை நான் ஏன் அழிக்காம வச்சிருந்தேன்னும் புரியல."

சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கெட்டுப்போனது அவர் கோப்பு இல்லை, உங்களுடையது, அதற்குக் காரணம் நான். சொன்னால் அவர் முகத்தில் எது வரும் என்று நினைத்தபோது வாய் வரவில்லை.

அவர் அந்தக் கடிதத்தின் மேல் சுட்டியை வைத்தபடி திரும்பி, "அழிச்சிடவா?" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன். "அது ஒண்ணும் பெரிய இடத்தை அடைக்கலையே."